ஒரு நட்டின் ஆறில் ஒரு பங்கு



கொஞ்சம் நீளமான பதிவு. சக்கரத்தின் வரலாறு பற்றியது. கூடவே, முப்பது வருடத்துக்கும் மேலாக நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயமும் இதில் வருகிறது. முழுவதும் படித்துவிட்டு, அதற்குப் பிறகு என்னைத் திட்டத் தோன்றினால் திட்டுங்கள்.

போன மாதம் தேனியில் என் பழைய மாணவன் ஒருவனுடைய பட்டறைக்குப் போயிருந்தேன். ஜீப் வேலை மட்டும் செய்கிறான். அதிலும் பழைய ஜீப் என்றால் மலையிலிருந்தும் கேரளாவிலிருந்தும் அவனைத் தேடி வருகிறார்கள். நான் போனபோது ஒரு பழைய நாலு சக்கர இழுவை ஜீப்பின் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி வைத்து, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“சக்கரத்தை ஒரு கையால சுத்திக்கிட்டே இரு. இன்னொரு கையால நட்டை முறுக்கு. சுத்த முடியாம பிடிக்குதா? இப்ப ஒரு முகம் பின்னாடி விடு.”

அந்தப் பையன், “விட்டா லூஸ் ஆயிடாதாண்ணே?” என்று கேட்டான்.

நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில், முறுக்கிய நட்டை எதற்காகத் திரும்பத் தளர்த்த வேண்டும் என்று பார்ப்போம். அதற்கு நம் மாட்டு வண்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மாட்டு வண்டியில் அச்சு சுற்றாது, சக்கரம்தான் சுற்றும். சக்கரத்தின் நடுவில் இருக்கும் குடம் அச்சின் மேல் உராய்ந்துகொண்டே சுழலும். வெளியே கழன்று போகாமல் இருக்க நுனியில் ஒரு கடையாணி. குடத்துக்கும் கடையாணிக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருக்கும். வண்டி போகும்போது சக்கரம் இப்படியும் அப்படியும் நகர்ந்து ‘கடக் கடக்’ என்று சத்தம் வருமே, அந்த இடம்தான் காரணம். அந்த இடமே இல்லாமல் இறுக்கிச் செய்தால் சக்கரம் சுற்றாது, மாடு இழுக்க முடியாது. இடம் அதிகமானால் குடம் தேயும், சக்கரம் ஆடும், கடைசியில் அச்சு முறியும். உராய்வைக் குறைக்க வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை போடுவார்கள். என் தாத்தா வண்டியின் அடியில் ஒரு மூங்கில் குழாயில் அந்த மை தொங்கும். சின்ன வயதில் அதைத் தொட்டுச் சட்டையெல்லாம் பூசிக்கொண்டு அடி வாங்கியிருக்கிறேன்.

அச்சு முறிவது எவ்வளவு பழைய பயம் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. புறநானூற்றில் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பற்றி ஒளவையார் பாடிய பாட்டு ஒன்று உண்டு. உப்பு ஏற்றிப் போகும் உமணர்கள், பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் வழியில் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும் என்று, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி எடுத்துப் போவார்களாம். அந்த இளைஞன் அப்படிப்பட்ட துணை என்கிறார் ஒளவையார். நாம் ஸ்டெப்னி வைத்திருப்பதைப் போல அவர்கள் அச்சே வைத்திருந்தார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே மேடு பள்ளத்தில் போகிறவனுக்குச் சக்கரத்தின் நடுப்பகுதியில்தான் கவலை இருந்திருக்கிறது.

இந்த உராய்வைத் தீர்க்க, இரண்டு இரும்புக்கும் நடுவில் உருளும் குண்டுகளை வைத்தால் என்ன என்ற யோசனையும் பழையதுதான். லியனார்டோ டாவின்சியின் குறிப்பேடுகளில் அப்படிப்பட்ட படங்கள் இருக்கின்றன. 1794-ல் வேல்ஸ் நாட்டில் பிலிப் வான் என்ற இரும்பு உற்பத்தியாளர், குதிரை வண்டியின் அச்சில் குண்டுகளை வைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அது பிரபலமானது சைக்கிளில்தான். 1869 நவம்பரில் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த சைக்கிள் பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் என்பவர் ஜெயித்தார். அவருடைய சைக்கிளில் குண்டு பேரிங் போட்டிருந்தது. அதற்குப் பிறகு அது சைக்கிள்களில் வேகமாகப் பரவியது. நம் ஊர்ப் பிள்ளைகள் ‘பால்ரஸ் குண்டு’ என்று சொல்லி விளையாடினார்களே, அதே குண்டுதான்.

சைக்கிளுக்கு அது போதும். பாரம் ஏற்றிய வண்டிக்குப் போதாது. பாரம் மேலிருந்து கீழே அழுத்துகிறது. வண்டி வளைவில் திரும்பும்போது பக்கவாட்டிலும் தள்ளுகிறது. இரண்டையும் சேர்த்துத் தாங்க வேண்டும். இதைத் தீர்த்தவர் ஹென்றி டிம்கென். ஜெர்மனியில் 1831-ல் பிறந்து, சிறு வயதில் அமெரிக்கா போனவர். செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டி செய்தவர். 1898-ல் அவர் காப்புரிமை வாங்கிய பேரிங்கில் குண்டுக்குப் பதில் உருளைகள் இருந்தன. நேர் உருளை இல்லை. ஒரு முனை பெரிதாகவும் மறுமுனை சிறிதாகவும், கூம்பை நறுக்கியது போல இருக்கும். உள்ளே இருக்கும் வளையமும் கூம்பு, வெளியே இருக்கும் வளையமும் அதற்கேற்ற சரிவு. மெக்கானிக்குகள் ‘கோன்’, ‘கப்’ என்று சொல்வது இவற்றைத்தான். சரிவாக இருப்பதால் மேலிருந்து வரும் பாரத்தையும் பக்கத்திலிருந்து வரும் தள்ளலையும் ஒன்றாகத் தாங்கும்.

ஆனால் இதில் ஒரு சங்கதி இருக்கிறது. ஒரு புனலுக்குள் இன்னொரு புனலை வைத்துப் பாருங்கள். உள்ளே தள்ளத் தள்ள இறுகும், வெளியே இழுத்தால் தளரும். டேப்பர் ரோலர் பேரிங்கும் அப்படித்தான். ஒரு சக்கரத்தில் இரண்டு பேரிங்கை எதிரெதிராக வைத்து, வெளியே ஒரு நட்டால் தள்ளிப் பிடிக்க வேண்டும். எவ்வளவு தள்ளுவது என்பது நட்டை முறுக்குகிறவன் கையில் இருக்கிறது. மாட்டு வண்டியில் தச்சன் ஒரு தடவை விட்ட இடைவெளிதான் கடைசிவரை. டிம்கென் காலத்துக்குப் பிறகு அந்த இடைவெளியை மனிதன் அவ்வப்போது தன் கையால் சரிசெய்துகொள்ள முடிந்தது. தப்பாகச் செய்யவும் முடிந்தது.

இனி ஜீப்புக்கு வருவோம். 1940-ல் அமெரிக்க ராணுவம் நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகளுக்கு எழுதி, எந்தப் பாதையிலும் போகும் சின்ன வண்டி ஒன்று கேட்டது. மாதிரி வண்டிக்குக் கொடுத்த அவகாசம் 49 நாள். பாண்டம் என்ற சின்ன கம்பெனி, கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரை வைத்து வரைந்து, அந்த செப்டம்பர் 23-ஆம் தேதி வண்டியை ஒப்படைத்தது. பிறகு வில்லிஸ், ஃபோர்டு இரண்டும் சேர்ந்துகொண்டு, உலகப் போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப்புகள் செய்தார்கள். அந்த முன்சக்கரங்களில் டேப்பர் பேரிங்தான்.

நம் நாட்டுக்கு ஜீப்பைக் கொண்டு வந்தவர்கள் மகிந்திரா சகோதரர்கள். 1945 அக்டோபர் 2-ஆம் தேதி லூதியானாவில் தொடங்கியபோது கம்பெனியின் பெயர் மகிந்திரா அண்ட் முகமது. கூட்டாளி மாலிக் குலாம் முகமது தேசப் பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானின் முதல் நிதி அமைச்சரானார். 1948-ல் பெயர் மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆயிற்று. வில்லிஸின் உதிரி பாகங்களைக் கப்பலில் வரவழைத்து பம்பாயில் ஜீப் பூட்டத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் 1968-ல் நிறுத்திவிட்ட சி.ஜே. 3-பி என்ற மாடலின் வழி வந்த வண்டிகள் நம் நாட்டில் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடின. போடிநாயக்கனூரிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப்புகளை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். போடிமெட்டு ஏறப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் பாரம் ஒரு பக்கச் சக்கரங்களின் மேல் அதிகமாகச் சாயும். டிம்கென் யோசித்த அதே கணக்குதான்.

நாலு சக்கர இழுவை ஜீப்பில் முன்சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போக வேண்டும். அதனால் சக்கரம் உட்காரும் ஸ்பிண்டில் உள்ளே குழாய் மாதிரி காலியாக இருக்கும். அதன் வழியாகத்தான் சக்கரத்தைச் சுற்றும் கம்பி வருகிறது. குறுக்கே ஓட்டை போட்டுப் பின் மாட்ட வழியில்லை. ஆகவே குழாயின் மேல் பெரிய, தட்டையான ஆறு முக நட்டு ஒன்று. அதுதான் பேரிங்கைத் தள்ளிப் பிடிப்பது. அடுத்து மடக்கும் வாஷர் ஒன்று. அதற்கு மேல் அதே மாதிரி இன்னொரு நட்டு, பூட்டுவதற்கு.

முறை என்னவென்றால், முதலில் பிரேக் உரசாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் பிடிப்பதைப் பேரிங் பிடிப்பதாக நினைத்து ஏமாந்து போவோம். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை முறுக்க வேண்டும். சுற்றிக்கொண்டே முறுக்கினால்தான் உருளைகள் தம் இடத்தில் போய் உட்காரும். சக்கரம் பிடிக்கும் வரை முறுக்கிவிட்டு, ஆறில் ஒரு சுற்றுப் பின்னால் விட வேண்டும். வில்லிஸ் கம்பெனி சொன்ன அளவே அதுதான். நட்டுக்கு ஆறு முகம், எனவே ஆறில் ஒரு சுற்று என்பது ஒரு முகம். சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது. பிறகு வாஷர், பூட்டு நட்டு. பூட்டு நட்டை இறுக்கும்போது உள் நட்டு கொஞ்சம் தள்ளப்படும், அதனால் மறுபடி சுற்றிப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் வாஷரின் ஓரத்தை நட்டின் முகத்தில் மடக்கி அடித்துவிடலாம்.

ஏன் தளர்த்த வேண்டும்? வண்டி ஓட ஓடப் பேரிங் சூடாகும். சூடானால் இரும்பு விரியும். நான் ஏழாம் வகுப்பில் உங்களுக்கு நடத்திய பாடம்தான். விரிய இடமில்லாவிட்டால் இறுக்கம் கூடும். இறுக்கம் கூடினால் இன்னும் சூடாகும். கிரீஸ் உருகி ஓடிவிடும். உருள வேண்டிய உருளை தேய்க்க ஆரம்பிக்கும். கடைசியில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். சரி, அதிகமாகத் தளர்த்திவிட்டால்? ஆட்டம் வந்து, ஒவ்வொரு குழியிலும் உருளைகள் சுத்தியலால் அடித்தது போல அடிபடும். ஆனால் லூசாக இருக்கும் சக்கரம் ஆடி, சத்தம் போட்டு, ஸ்டியரிங்கை உதறி நமக்குச் சொல்லிவிடும். இறுகிய சக்கரம் புகை வரும் வரை வாயைத் திறக்காது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

1993. அப்போது தேனி மாவட்டம் பிரியவில்லை, மதுரை மாவட்டம்தான். ஆசிரியர் பயிற்சி முடித்த எனக்கு மலைமேல் ஒரு நடுநிலைப்பள்ளியில் வேலை. போடியிலிருந்து திங்கட்கிழமை ஜீப்பில் ஏறிப் போவேன், வெள்ளிக்கிழமை இறங்குவேன். என் தம்பி ஒரு பழைய ஜீப் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த வருடம் எட்டாம் வகுப்பில் நான்கு பிள்ளைகளை உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார் செய்திருந்தேன். மூன்று மாதம், சாயங்காலம் ஆறு மணி வரை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். நான்கு பேருமே தோட்டத்து வேலைக்காரர்களின் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போடியில் தேர்வு.

சனிக்கிழமை சாயங்காலம் தம்பி ஜீப்பை ஒரு பட்டறைக்கு எடுத்துப் போனான். இடது முன்சக்கரத்தில் ஆட்டம். நானும் கூடப் போயிருந்தேன். அங்கே இருந்த மெக்கானிக் சின்னப் பையன். நட்டை முறுக்கினான். பிறகு ஸ்பேனரைப் பின்பக்கமாகத் திருப்பினான். எனக்குப் பொறுக்கவில்லை.

“என்னப்பா, முறுக்கினதைத் திரும்பக் கழட்டுறே? நாளைக்குப் பிள்ளைங்களை ஏத்திட்டு மலையிறங்கணும். கொஞ்சம்கூட ஆடக் கூடாது. நல்லா முறுக்கி விடு.”

அவன் தயங்கி, “லேசா விடணும் டீச்சர்” என்றான். நான் விடவில்லை. வாத்தியார் குரல் உங்களுக்குத் தெரியும். அவன் என் முகத்தைப் பார்த்தான், தம்பி முகத்தைப் பார்த்தான், முறுக்கிப் பூட்டிவிட்டான்.

ஞாயிறு விடியற்காலை ஏறினோம். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்கினோம். பாதி மலையில் தம்பி, “ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்குதுக்கா” என்றான். கருகல் வாடை வந்தது. பிரேக் சூடு என்று நினைத்தோம். அடுத்த வளைவுக்குள் நுழையும்போது சக்கரத்திலிருந்து புகை. தம்பி வண்டியை மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினான். கல் வைத்தோம். பாட்டில் தண்ணீரை ஹப்பின் மேல் ஊற்றினால் சொய்யென்று ஆவியாகிப் போனது.

பஸ் வந்து, அதில் தொங்கிக்கொண்டு போடி போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று ஆகப் போகிறது. தேர்வு அறைக்குள் விடவில்லை. விதி அப்படி, அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான்கு பேரும் புது பேனாவோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையன் மட்டும் அழுதான்.

மத்தியானம் ஒரு வயதான மேஸ்திரி எங்களோடு மலைக்கு வந்து ஹப்பைக் கழற்றினார். பேரிங் நீலம் பூத்துப் போயிருந்தது. கோன் ஸ்பிண்டிலோடு ஒட்டிக்கொண்டு, உளி வைத்து அடித்துத்தான் எடுக்க முடிந்தது. “இன்னும் ரெண்டு வளைவு போயிருந்தா சக்கரம் தனியா, வண்டி தனியா போயிருக்கும்மா” என்றார். “எவன்ம்மா இதை இப்படி முறுக்கினது?” என்று கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். “பட்டறைப் பையன்” என்று தம்பி சொல்லிவிட்டான். போடி முழுக்க அந்தப் பையன் பேர்தான் கெட்டது. அவனுக்கு அந்த வேலையும் போயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் வாயைத் திறக்கவில்லை.

மேஸ்திரி புது பேரிங் போட்டு, சக்கரத்தைச் சுற்றி, முறுக்கி, ஒரு முகம் விட்டார். “முறுக்கத் தெரிஞ்சவன் பாதி மெக்கானிக். விடத் தெரிஞ்சவன்தான் முழு மெக்கானிக்” என்றார். காலையில் அழுத பையன் மட்டும் வீட்டுக்குப் போகாமல் எங்களோடு வந்திருந்தான். அவர் கையையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

அவன் பத்தாவதோடு படிப்பை நிறுத்தினான். அந்தத் தேர்வில் ஜெயித்திருந்தால் மேலே படித்திருப்பானா என்று யாராலும் சொல்ல முடியாது. தேனியில் பட்டறை வைத்திருக்கிறான் என்று சொன்னேனே, அவன்தான்.

போன மாதம் அந்தச் சின்னப் பையன் “லூஸ் ஆயிடாதாண்ணே?” என்று கேட்டதும் என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. அன்றைக்கு முறுக்கச் சொன்னது நான்தான் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். கை கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டான். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “நீங்க சொன்னதுக்கு அவர் தலையாட்டியிருக்கக் கூடாது டீச்சர். நட்டுக்கு வாத்தியார்னு தெரியுமா?” என்றான். கொஞ்சம் கழித்து, “ஆனா அவரைத் தேடிப் போய்ச் சொல்லியிருக்கலாம்” என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

டீ வாங்கி வரச் சொன்னான். குடித்து முடித்ததும், “எந்திரிங்க டீச்சர்” என்று சொல்லி என் கையில் ஸ்பேனரைக் கொடுத்தான். “சக்கரத்தைச் சுத்துங்க. முறுக்குங்க. பிடிக்குதா?” பிடித்தது. “ஒரு முகம் விடுங்க.” விட்டேன். சக்கரத்தை லேசாகத் தள்ளினேன். சத்தமே இல்லாமல் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. அறுபது வயதுக்கு மேல் அதைக் கையால் தெரிந்துகொண்டேன்.

இப்போது வரும் பெரும்பாலான கார்களில் பேரிங்கை ஒரே கட்டாகத் தொழிற்சாலையிலேயே அளவு வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். முறுக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம், போனால் முழுசாக மாற்றிவிடலாம். நல்லதுதான். ஆனால் உங்களில் பலர் இன்னும் மலையில் பழைய ஜீப் வைத்திருக்கிறீர்கள். பேரிங் வேலை செய்த பிறகு பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நாலு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால் அங்கேயே நில்லுங்கள். பட்டறையில் மெக்கானிக் நட்டைப் பின்னால் திருப்பினால் தயவுசெய்து குறுக்கே பேசாதீர்கள்.

1993-ல் போடியில் வேலை பார்த்த அந்தப் பட்டறைப் பையனுக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பெயர்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. உங்களில் யாருக்காவது அவரைத் தெரிந்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள். அவர் சரியாகத்தான் செய்தார், தப்பு டீச்சருடையது என்று அவரிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்